மிகையும் குறையும்: 'மருந்து' அதிகாரத்து முதற்குறளும் ஆயுர்வேதம் கூறும் ஒப்பும்

1. ஆராய்ச்சிக்குரிய பொருள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பத்துக் குறள்களை உடையது. அவற்றுள் ஒன்றேனும் ஒரு மூலிகையின் பெயரையோ, ஒரு கூட்டு மருந்தின் பெயரையோ கூறவில்லை. மருந்து என்னும் தலைப்பின்கீழ் எம்மருந்தும் பெயர் பெறாதிருத்தல் கற்பார்க்கு முதற்கண் வியப்பை விளைப்பதாகும். ஆயினும் அவ்வியப்பை ஆராயாது, முதற்குறளில் (941) வரும் மூன்றென்னும் எண்ணைப் பற்றிக்கொண்டு, 'வாதம், பித்தம், ஐ என்னும் மூன்றும் சமமாக இருத்தல் நலம். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நோய். இதுவே ஆயுர்வேதக் கொள்கை. வள்ளுவரும் இதனையே மொழிந்தார்' என்று கூறி மேற்செல்லுதல் பெருவழக்காகிவிட்டது. தேர்வு விடைகளிலும் கட்டுரைகளிலும் இக்கூற்று ஒரு வாய்பாடு போல மீண்டும் மீண்டும் வருகின்றது.

இவ்வாய்பாட்டில் இருவகைக் குறைபாடு உண்டு என்பது எம் கருத்து. ஒன்று குறளின் தொடரமைப்பைப் பற்றியது. மற்றொன்று ஆயுர்வேதம் 'சமம்' என்னும் சொல்லால் எதனைக் குறித்தது என்பதைப் பற்றியது. முதலாவதைப் பரிமேலழகர் கண்டு வேறொரு வழியிற் பொருள் கொண்டார். அவர் கொண்ட பொருளைச் சொற்களை வலிந்து பிரித்துக் கூட்டியதாக ஒதுக்குவார் உளர். மருத்துவ நூல்களை அருகில் வைத்து நோக்கின் அவர் உரை எத்துணை நிற்கும், எங்கு நில்லாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முக்குற்றக் கொள்கை இக்கால உடலியலார் ஏற்கும் கொள்கையன்று. அதன் உண்மையை நாட்டுதல் எம் கருத்தும் அன்று. ஒரு பழங்கொள்கையை அதன் நூல்கள் சொல்லியவாறே அறிந்து, அதன் துணையால் ஒரு தமிழ்ப் பனுவலை நேரிதாகப் படித்தல் ஒன்றே ஈண்டு யாம் மேற்கொண்டது.

2. இரண்டு கொண்டுகூட்டு

941ஆம் குறளில் மிகுதல், குறைதல் என்னும் இரண்டு வினைகளும் எச்சமாய் முன் நிற்க, நோயைச் செய்தல் என்னும் வினை முற்றாய் நிற்கின்றது. அம்முற்றுக்கு எழுவாய் நூலோர் எண்ணிய மூன்று என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. மிகுவதும் குறைவதும் எவை என்பதே வினா.

நேரிற் படிப்பார்க்கு அம்மூன்றே மிகுவனவும் குறைவனவும் ஆம். வாதமுதலிய மூன்றும் தத்தம் அளவிற் கூடினும் குறைந்தும் நோய் செய்யும் என்பது அவ்வழிப் பொருள். சொற்களை நின்றவாறே கொள்ளுதலின் இஃது எளிது. வெளியிலிருந்து எச்சொல்லையும் வருவிக்க வேண்டாதது.

பரிமேலழகர் இவ்வழிச் செல்லவில்லை. ஒருவனுடைய உணவும் செயல்களும் அவனது பகுதிக்கு ஒத்த அளவினவாகாமல் மிகுந்தாலும் குறைந்தாலும், அம்மூன்றும் அவனுக்குத் துன்பம் செய்யும் என்று அவர் பொருள் கொண்டார். மிகுவனவும் குறைவனவும் உணவும் செயலும். நோய் செய்வன வாதமுதலிய மூன்று. உணவு, செயல் என்னும் இரண்டு காரணங்களும் குறளில் வெளிப்பட நில்லாமையின், அவை அவாய்நிலையால் வந்தன என்று அவரே குறித்துவிடுகின்றார். அதிகாரத்தின் தோற்றுவாயிலேயே, பழவினையான் வரும் பிணிகளை ஒழித்து ஏனைக் காரணங்களான் வரும் பிணிகளைத் தீர்ப்பதே இவ்வதிகாரத்தின் பொருள் என்றும், அக்காரணங்களாவன உணவும் செயலும் ஒவ்வாமை என்றும் அவர் வரையறுத்திருத்தல் நோக்கத்தக்கது. ஆகவே முதற்குறளுக்கு அவர் கூறிய பொருள் ஆண்டைக்கு மட்டும் உண்டாக்கிக்கொண்டதன்று. அதிகாரம் முழுவதையும் ஒருங்கு நோக்கிய ஒரு கருத்தின் தொடக்கம்.

இவ்வுரையில் வரும் 'பகுதி' என்னும் சொல்லைப் பற்றி ஒரு சொல் கூறுதல் வேண்டும். மாணவர் இதனைப் 'பாகம்' என்று பொருள்கொண்டு இடர்ப்படுதலை யாம் கண்டிருக்கின்றோம். வடநூலார் 'பிரகிருதி' என்பதனையே பரிமேலழகர் பகுதி என்று தமிழாக்கி வழங்குகின்றார். ஒருவன் பிறப்பிலேயே பெற்ற உடலியல்பு என்பது அதன் பொருள். நூலோர் எண்ணினர் என்றமையால், அவர் வகுத்த வாதப்பகுதி, பித்தப்பகுதி, ஐப்பகுதி என்னும் பாகுபாடும் பெறப்படும் என்று அவர் உய்த்துணர வைப்பர். இச்சொல்லே அவர் உரையின் ஆணி. இதனை நழுவவிட்டார்க்கு எஞ்சிய உரை விளங்காது.

3. இலக்கணம் இடந்தருமா?

எச்சத்திற்கு ஒரு வினைமுதலும் முற்றிற்கு வேறொரு வினைமுதலும் கொள்ளுதல் இலக்கணத்திற்கு மாறு என்று கூறுவார்க்கு விடை எளிது. ஈண்டு நிற்பவை 'செயின்' என்னும் வாய்பாட்டு எச்சங்கள். தொல்காப்பியர் வினையெச்சங்களுள் முதனிலை மூன்றையே வினைமுதல் முடிபின என்று வரையறுத்து, ஏனையவை வினைமுதலானும் பிறவினையானும் முடியும் என்றார். நன்னூலாரும் 'செயின்' என்பதைப் பிறவினைமுதலையும் ஏற்கும் தொகுதியிலேயே வைத்தார். 'ஆறு பெருகின் வயல் அழியும்' என்னும் தொடரில் பெருகுவது ஆறு, அழிவது வயல். இதில் வழு ஒன்றும் இல்லை. 

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நாம் காட்டிய தொடரில் ஆறு என்பது வெளிப்பட நிற்கின்றது. குறளிலோ உணவும் செயலும் வெளிப்பட இல்லை. எச்சம் வேறு வினைமுதல் ஏற்கும் என்பது அவ்வினைமுதலைப் படிப்பவர் தாமே படைத்துக்கொள்ளலாம் என்னும் உரிமையாகாது. எனவே இலக்கணம் பரிமேலழகர் உரைக்கு இடந்தருகின்றதேயன்றி, அதனை வேண்டி நிற்கவில்லை. அவ்வுரையின் வலிமை வேறிரண்டு இடங்களிலிருந்து வரவேண்டும். ஒன்று மருத்துவ நூற்கொள்கை. மற்றொன்று அதிகாரத்தின் ஏனைக் குறள்கள்.

4. 'சமம்' என்பது சம அளவு அன்று

முதற்கண் மருத்துவ நூல்களை நோக்குவோம். முக்குற்றங்களும் சமமாக இருத்தல் நலம் என்று ஆயுர்வேதம் கூறுவது உண்மை. ஆனால் அந்நூல்களிற் 'சமம்' என்பது தராசுத் தட்டுகளின் ஒப்பன்று. சரக சங்கிதை சாரீரத்தானம் 7ஆம் அத்தியாயம் உடலிலுள்ள நெகிழ்பொருள்களுக்கு அளவு கூறுங்கால், ஐ ஆறு, பித்தம் ஐந்து, குருதி எட்டு என்றாற்போல வெவ்வேறு எண்களையே கூறுகின்றது. நலமுற்ற உடலிலும் ஐயும் பித்தமும் ஓரளவின அல்ல. அவ்வெண்களினும் நுட்பமானது அவற்றை அளக்கும் கருவி. ஒருவனுடைய இரு கைகளையும் குவித்தால் கொள்ளும் அளவே அளவு. அதுவும் அவனவன் கையால் அளக்கப்படுதல் வேண்டும். பிறன் கை இவன் உடலுக்கு அளவுகோலாகாது.

சுசுருத சங்கிதை இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. உடல்கள் தம்முள் வேறுபடுதலானும் ஒருநிலையில் நில்லாமையானும் குற்றங்கட்கும் தாதுக்கட்கும் கழிவுகட்கும் இத்துணையென்னும் அளவே கூறலாகாது என்று அதன் சூத்திரத்தானம் 15ஆம் அத்தியாயம் மொழிகின்றது. ஒப்பு உளதா என்பதை எங்ஙனம் அறிவது எனின், அவன் நலமாக இருத்தலால் அறிக என்பதே அந்நூலின் விடை. ஒப்பினால் நலத்தை அளவாமல், நலத்தினால் ஒப்பை உணர்தல் என்னும் இம்முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதனையடுத்தே நலமுடையான் இலக்கணம் கூறப்படுகின்றது. முக்குற்றம், வயிற்றுத்தீ, தாது, கழிவு ஆகியவற்றின் ஒப்போடு, உயிரும் பொறியும் மனமும் தெளிந்திருத்தலும் அவ்விலக்கணத்துள் அடங்கும். வாய்பாடாகச் சொல்லும் நாம் இவற்றுள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட்டோம்.

மேலும் அவ்வொப்பு அசையாது நிற்பதும் அன்று. வாக்படர் தம் அட்டாங்க இருதயத்தின் தொடக்கத்திலேயே, வாழ்நாள், பகல், இரவு, உண்ட உணவு ஆகியவற்றின் இறுதி, நடு, முதல் என்னும் இடங்களில் முறையே வாதமும் பித்தமும் ஐயும் மேலோங்கும் என்று வகுப்பர். இளமையில் ஐ, நடுவயதிற் பித்தம், முதுமையில் வாதம். பருவங்களிலும் வேனிலில் திரளும் வாதம் கார்காலத்துச் சீறும். கார்காலத்துத் திரளும் பித்தம் கூதிர்க்காலத்துச் சீறும். பனிக்காலத்துத் திரளும் ஐ இளவேனிலிற் சீறும். நலமுற்றவன் உடலிலும் மூன்றும் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. ஏறுதல் ஒன்றே நோயாயின் நலமுடையார் எவரும் இலராவர். தமிழ்ச் சித்த மருத்துவத்தாரும் நாடியில் வாதத்திற்கு ஒன்று, பித்தத்திற்கு அரை, ஐயத்திற்குக் கால் என மாத்திரை வகுத்திருத்தலை ஈண்டு ஒப்புநோக்கலாம். அங்கும் ஒப்பு என்பது தமக்குள் சமமாதல் அன்று. தத்தம் அளவில் நிற்றல்.

சம அளவு என்பதே நஞ்சாகும் இடமும் ஒன்று உண்டு. தேனும் நெய்யும் சம அளவிற் கலந்துண்ணல் ஆகாது என்பது ஆயுர்வேத நூல்களின் துணிபு. சரக சங்கிதை சூத்திரத்தானம் 26ஆம் அத்தியாயம் இதனை அளவால் வரும் மாறுபாட்டிற்கு எடுத்துக்காட்டாகக் கூறும். பரிமேலழகரும் 944ஆம் குறளின் உரையில், உணவு தம்முள் மாறுகொள்ளுதற்கு இதனையே காட்டுகின்றார். ஒத்த அளவு ஒவ்வாமையாகவும், ஒவ்வா அளவு ஒத்தலாகவும் ஆகும் ஒரு முறையை நன்கறிந்தவர் அவர் என்பதற்கு இஃதோர் அடையாளம்.

'ஒத்தல்' என்னும் சொல்லையும் ஈண்டே தெளிந்துகொள்ளுதல் வேண்டும். பகுதிக்கு ஒத்த உணவு என்பது பகுதியைப் போன்ற உணவன்று. வாதம் வறட்சியும் குளிர்ச்சியும் உடையது. ஆதலின் வாதப்பகுதியான் வறட்டுணவும் குளிருணவும் கொள்ளின் வாதம் பெருகும். நெய்ப்பும் வெம்மையும் உடைய உணவே அவனுக்கு ஒக்கும். சரகர் சூத்திரத்தானம் 7ஆம் அத்தியாயத்தில், ஒரு குற்றம் மேம்பட்ட இயல்புடையார்க்கு அதற்கு மறுதலையான குணமுடைய ஒழுக்கமே நலம் காப்பது என்றும், மூன்றும் ஒத்த இயல்புடையார்க்கு எல்லாச் சுவையும் ஒப்பக் கொள்ளுதல் நன்று என்றும் பிரித்துக் கூறுவர். பரிமேலழகர் ஒத்தலைச் சுவை வீரியங்களானும் அளவானும் பொருந்துதல் என்று விளக்கியது இக்கருத்திற்கு இயைந்ததே.

5. காரணத்தின் மிகையும் குறையும்

இனி நோயின் காரணம் பற்றிச் சரக சங்கிதை கூறுவதை நோக்குவோம். சூத்திரத்தானம் 11ஆம் அத்தியாயம் நோய்க்குக் காரணம் மூன்று என்னும். பொறிகள் தம் புலன்களோடு ஒவ்வாது கூடுதல், மனமொழிமெய்களின் செயல் பிழைத்தல், காலம் திரிதல் என்பன அவை. இவை ஒவ்வொன்றும் மிகுதி, இன்மை, திரிபு என மும்மூன்று வகையால் நிகழும். ஈண்டு மிகுவனவாகவும் குறைவனவாகவும் கூறப்பட்டவை குற்றங்கள் அல்ல, காரணங்களே என்பதைக் கருதுக. பரிமேலழகர் மிகையையும் குறையையும் உணவிற்கும் செயலுக்கும் ஏற்றியபோது, மருத்துவ நூலார் காரணத்தை வகுத்த அதே முறையையே குறளிற் கண்டார் என்னலாம். செயலை மனமொழிமெய்களாற் செய்யும் தொழில் என்று அவர் விரித்ததும் அந்நூலின் பாகுபாட்டோடு ஒக்கும்.

அவ்வத்தியாயத்தில் உணவு நாவின் புலனாகிய சுவையின்கண் வைத்துக் கூறப்படுகின்றது. சுவைகளை மிகக் கொள்ளுதல் மிகுதி. அறவே கொள்ளாமை இன்மை. திரிபு என்பது உணவின் இயல்பு, சமைக்கும் முறை, கலப்பு, இடம், காலம், உண்ணும் நெறி, உண்பான் ஆகியவற்றில் ஒவ்வாமை. உணவு ஆராய்ச்சிக்கு உரியவாக விமானத்தானம் எட்டினை எண்ணும். அவற்றுள் அளவு ஒன்றை மட்டும் நீக்கி ஏனையவற்றையே திரிபின்பாற் படுத்தனர். அளவின் பிழை மிகுதியிலும் குறைவிலுமே அடங்குமாதலின் இங்ஙனம் நீக்கினர் போலும்.

இப்பாகுபாட்டை மனத்திற் கொண்டு குறளுக்கு மீள்வோமாயின், அதிகாரத்தின் அமைப்பு தெளிவாகத் தோன்றுகின்றது. 'அளவு' என்னும் சொல் 943, 947, 949 ஆகிய மூன்று குறள்களில் ஐந்து முறை வருகின்றது. 944, 945 ஆகிய இரு குறள்களில் 'மாறு' என்னும் கருத்து வருகின்றது. அளவின்மை ஒருபால், மாறுகொள்ளுதல் ஒருபால். மாறுகொள்ளாமையை உண்பான் பகுதியோடு, காலத்தோடு, உணவுகள் தம்முள் என மூன்றாகப் பரிமேலழகர் பிரித்தார். உண்பான், காலம், கலப்பு என்று மருத்துவ நூல் எண்ணியவற்றுள் மூன்று இவை. முதற்குறளில் மிகையும் குறையும் மட்டுமே கூறப்பட, மூன்றாவதாகிய திரிபு பின்னைய குறள்களில் வந்து நிரம்புகின்றது.

6. அதிகாரத்தின் நடை

முதற்குறளின் மூன்றனை மட்டுமே பொருளாகக் கொள்வார்க்கு ஓர் இடர் உண்டு. அம்மூன்றும் 942ஆம் குறள்முதல் அதிகார இறுதிவரை மீண்டும் வாராமை அது. முதற்குறள் முக்குற்றத்தைக் கூற, அடுத்த ஆறு குறள்களும் உணவையே கூறுமாயின், இடையிலே ஒரு பாலம் வேண்டும். நேர்ப்பொருளில் அப்பாலம் இல்லை. பரிமேலழகர் உரையில் அது முதற்குறளிலேயே அமைந்துவிடுகின்றது. காரணம் உணவு என்று தொடக்கத்திற் கொண்டமையால், முன்னுண்டது அற்றமை தெரிந்துண்பார்க்கு மருந்து வேண்டா என்னும் அடுத்த குறள் தானே தொடர்ந்து வருகின்றது.

அந்த ஆறு குறள்களும் கூறும் அளவு எத்தகையது? இத்துணைக் கவளம் என்றோ இத்துணை நாழி என்றோ ஓரிடத்தும் இல்லை. முன்னுணவு அற்றதா என்பது ஒரு கேள்வி. பசி முதிர்ந்ததா என்பது ஒரு கேள்வி. வயிற்றுத்தீ எவ்வளவினது என்பது ஒரு கேள்வி. 'தீயளவு' என்னும் 947ஆம் குறளின் தொடர் இவற்றின் முடி. ஆயுர்வேதத்தார் வயிற்றுத்தீயை ஒத்தது, வாதத்தால் ஒருகால் மிக்கும் ஒருகால் மெலிந்தும் எரிவது, பித்தத்தால் மிகக் கடியது, ஐயால் மந்தமானது என நான்காக்குவர். உணவின் அளவு இத்தீயின் வலியைப் பொறுத்தது என்பது சரகர் துணிபு. உண்டது இயல்பைக் கெடுக்காமல் உரிய காலத்து அறுமாயின் அதுவே அவனுக்கு அளவு. அட்டாங்க இருதயம் வயிற்றை நான்கு கூறாக்கி, இரண்டு உணவிற்கும் ஒன்று நீருக்கும் ஒன்று காற்றிற்கும் விடுக என்றதும் வயிற்றை நோக்கிய அளவேயன்றிக் கலத்தை நோக்கிய அளவன்று.

945ஆம் குறள் இதனினும் நுண்ணியது. மாறுபாடில்லாத உணவையும் மறுத்துண்ண வேண்டும் என்று அது கூறுகின்றது. ஒத்த உணவாயிற்றே என்று மிக உண்ணின், பொருளின் ஒப்பு அளவின் ஒவ்வாமையால் அழியும். ஒப்பு என்பது ஒருமுறை கண்டு ஓய்தற்குரியதன்று. ஒவ்வோர் உண்டியிலும் மீளக் காணவேண்டுவது.

7. தடைகளும் விடைகளும்

இவ்வுரைக்கு எதிராக மூன்று தடைகள் எழுகின்றன. அவற்றை மறையாது கூறுதல் கடன்.

முதலாவது: முதற்குறள் மிகையோடு குறையையும் கூறுகின்றது. மிகுவதும் குறைவதும் உணவாயின், பின்னைய குறள்கள் குறைய உண்டலின் தீமையை ஏன் கூறவில்லை? அவை மிகவுண்டலையே கடிகின்றன. 946ஆம் குறளோ குறைத்துண்பானைப் பாராட்டவும் செய்கின்றது. இத்தடை வலியது. இதற்கு விடை சரக சங்கிதை விமானத்தானம் 2ஆம் அத்தியாயத்திற் கிடைக்கின்றது. அளவற்ற உணவு குறைந்தது, மிக்கது என இருவகைத்து என்று கூறி, குறைந்தது வலியையும் உடல்வளத்தையும் கெடுத்து வாதநோய்க்கு இடமாகும் என்றும், மிக்கது மூன்று குற்றங்களையும் ஒருங்கு கிளர்விக்கும் என்றும் அந்நூல் வேறுபடுத்துகின்றது. தீமை இரண்டாயினும் அவை ஒருநிகரன அல்ல. பொதுவிதியில் இரண்டையும் வைத்து, விரிவிற் பெருந்தீமையை எடுத்துக்கொண்டதாகக் கொள்ளின் அதிகாரம் முரண்படாது.

இரண்டாவது: உணவைப் பின்வரும் குறள்கள் காட்டுகின்றன; செயலை எக்குறள் காட்டுகின்றது? எக்குறளும் காட்டவில்லை என்பதே நேர்மையான விடை. மனமொழிமெய்கள் வருந்துவதற்கு முன்னரே தொழிலை நிறுத்துக என்னும் உரை பொருளால் நன்று. மருத்துவ நூலுக்கும் ஒக்கும். ஆனால் அதற்குச் சான்று இவ்வதிகாரத்தின் புறத்தே உள்ளதன்றி அகத்தே இல்லை. உணவு என்னும் வருவிப்பு பனுவலால் நிலைபெறுகின்றது. செயல் என்னும் வருவிப்பு உரையாசிரியர் கல்வியால் நிற்கின்றது. இரண்டையும் ஓரினமாக மதித்தல் கூடாது.

மூன்றாவது: பரிமேலழகர் வாதமுதலியவற்றை யாக்கைக்கு இயல்பாகிய நோய் என்றே எண்ணுகின்றார், உடனே, காரணங்கள் ஒத்தவிடத்து அவை இன்பம் செய்யும் என்றும் முடிக்கின்றார். நோய் இன்பம் செய்தல் எங்ஙனம்? ஆயுர்வேதம் இவ்விடத்துத் தெளிவாகப் பேசும். அவை தம் நிலையில் உடலைத் தாங்குங்கால் தாது எனவும், கெட்டுப் பிறவற்றைக் கெடுக்குங்கால் தோடம் எனவும் பெயர்பெறும். மூன்றும் ஒத்து நின்றால் தத்தம் தொழிலைச் செய்யும் என்பது சரகர் கூற்று. எனவே அவற்றை எடுத்த எடுப்பில் நோய் என்று பெயரிட்டது பரிமேலழகர் உரையில் ஒரு தளர்ச்சி என்றே கொள்ளவேண்டும். வள்ளுவர் அவற்றிற்கு அப்பெயரைத் தரவில்லை. நூலோர் எண்ணிய மூன்று என்று எண்ணினால் மட்டும் சுட்டி, நோயை அவற்றின் செயலாக வைத்தார். இவ்விடத்து மூலம் உரையினும் நுட்பமானது.

இவ்வளவிற் கூறியவற்றால், வள்ளுவர் சரகர் நூலையோ சுசுருதர் நூலையோ நேரிற் பயின்றார் என்று யாம் கூறியதாகக் கொள்ளற்க. நூலோர் என்னும் பொதுச்சொல் எந்நூலையும் பெயர்சுட்டவில்லை. அதனை ஆயுள்வேதமுடையார் என்று விளக்கியது உரை. வளி முதலாக மூன்றினை எண்ணும் முறை சித்த மருத்துவத்திற்கும் உரியது. ஒற்றுமை கண்டவிடத்தெல்லாம் கடன் என்று முடிவு செய்தல் ஆராய்ச்சியாகாது. யாம் காட்டியது ஒன்றே: முதற்குறளைப் பரிமேலழகர் விளக்கிய முறை, அக்குறள் எத்துறையைக் குறித்ததோ அத்துறை நூல்களின் காரணக்கொள்கையோடு இயைகின்றது.

8. உற்றவன் முதலாக

இறுதி மூன்று குறள்களை விரைந்து நோக்கி முடிப்போம். 948 நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வாயிலையும் நாடிச் செய்க என்கின்றது. காரணத்தை நாடுக என்னும் அக்கட்டளை, முதற்குறளிற் காரணம் கருதப்பட்டது என்னும் உரைக்கு ஒரு துணை. 949 உற்றானது அளவு, பிணியின் அளவு, காலம் என்னும் மூன்றையும் மருத்துவன் கருதவேண்டும் என்கின்றது. உண்பானுக்குக் கூறிய அளவே ஈண்டு மருத்துவனுக்கும் கூறப்படுகின்றது.

950 மருந்தின் நான்கு உறுப்புகளை எண்ணுகின்றது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். சரக சங்கிதை சூத்திரத்தானம் 9ஆம் அத்தியாயம் இந்நான்கையும் கூறி, ஒவ்வொன்றற்கும் நான்கு குணம் வகுக்கும். ஆனால் அதன் வைப்பு மருத்துவன், மருந்து, பணிவிடையாளன், நோயாளி என்பது. மண்ணும் தண்டும் திகிரியும் நூலும் இருந்தும் குயவனின்றிக் கலம் இல்லையாதல் போல, மருத்துவனின்றி ஏனை மூன்றாற் பயனில்லை என்று மருத்துவனை அது தலைமையாக்கும். சுசுருதர் மருத்துவன், நோயாளி, மருந்து, பணிவிடையாளன் என்று வைப்பர். குறளோ நோயுற்றவனை முதலில் வைக்கின்றது. எதுகை நோக்கிய வைப்பு என்று கூறுவார் உளராகலாம். அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் முந்திய குறளிலும் பிணியின் அளவிற்கு முன்னே உற்றானது அளவே நிற்றலை உடன்வைத்து எண்ணுக. உண்பான் தன் தீயைத் தானே அறிந்துண்க என்று ஆறு குறள்களாற் கூறிய ஒரு பனுவல், நோய் வந்தபின்னும் அவனையே முதலில் எண்ணுதல் அதன் போக்கிற்கு இயைந்ததே.

இனி முடிந்தது தொகுத்துக் கூறுவாம். 941ஆம் குறளுக்கு முக்குற்றங்களையே மிகுவனவும் குறைவனவுமாகக் கொள்ளும் நேர்ப்பொருள் தொடரமைப்பால் எளிது, அது பிழையன்று. பரிமேலழகர் பொருள் வருவிப்பை வேண்டுவது; ஆயினும் இலக்கணத்திற்கு மாறன்று; மருத்துவ நூலாரின் காரணக்கொள்கைக்கு இயைவது; அதிகாரத்தை ஒருபொருட்கண் நிறுத்துவது. அவ்வுரையில் உணவு பற்றிய பகுதி உறுதியுடையது. செயல் பற்றியது உரையாசிரியர் கூட்டியது. மூன்றினையும் நோயென்றது தளர்ந்தது. இரண்டனுள் ஒன்றைத் தேர்க எனின், அதிகாரம் முழுவதற்கும் விளக்கம் தருதலின் பரிமேலழகர் பொருளையே யாம் தேர்வோம்.

மருந்து என்னும் தலைப்பின்கீழ் மருந்தின் பெயர் ஏன் இல்லை என்னும் தொடக்க வினாவிற்கும் இதனால் விடை கிடைக்கின்றது. நோயின் காரணம் அவனவன் பகுதிக்கு ஒவ்வாத அளவாயின், அதனைத் தடுக்கும் முதல் மருந்தும் அவனவன் அளவை அவனவன் அறிதலே. அதனை எல்லார்க்கும் பொதுவாக ஒரு பெயரிட்டு வழங்குதல் இயலாது. சமம் என்ற ஒரு சொல்லால் இதனைக் கடந்து செல்வோர், குறளையும் ஆயுர்வேதத்தையும் ஒருசேர இழக்கின்றனர். இவ்வதிகாரத்தைக் கற்பிக்குங்கால் மூன்று என்னும் எண்ணில் நில்லாது, அளவு என்னும் சொல்லைத் தொடர்ந்து செல்லுமாறு மாணவரை நெறிப்படுத்தல் நன்று.